முதலில் பயொப்சி, பிறகுதான் சென்னை

கேள்வி: சுண்ணாகத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 66 வயது, நெடுநாள் சுருட்டுக் குடிப்பவர். இருமல் விடவில்லை என்று சி.ரி. ஸ்கான் எடுத்ததில் வலது நுரையீரலில் கட்டி தெரிகிறது. பயொப்சி, அதாவது ஊசியால் கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது, செய்ய வேண்டுமாம். ஊசி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர் பயப்படுத்துகிறார்கள். கனடாவில் உள்ள அண்ணா உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். எந்த வைத்தியம் நல்லது?

பதில்: பயொப்சியை எடுக்க விடுங்கள். அதன் முடிவு வராமல் எந்த வைத்தியம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊசி போன வழியில் நோய் பரவுவது மிக மிக அரிது. பயந்து தள்ளிப்போடும் மாதங்களில் கட்டி வளர்வதுதான் ஆபத்து. இந்தப் பயத்தாலேயே நல்ல வாய்ப்பைத் தவற விடுகிறவர்களை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை. ஊசிக்குப் பிறகு நுரையீரலைச் சுற்றிக் காற்றுச் சேரலாம், சளியில் கொஞ்சம் இரத்தம் வரலாம். அதற்காகத்தான் சில மணி நேரம் வைத்திருந்து பார்ப்பார்கள். அப்பா அஸ்பிரின் போன்ற, இரத்தம் உறைவதைக் குறைக்கும் மருந்து பாவிக்கிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சயரோகமும் ஸ்கானில் கட்டி போலத் தெரிவதுண்டு, அதையும் பயொப்சி பிரித்துக் காட்டும்.

புற்றுநோய்தான் என்று வந்தால், எந்த வகை, எதுவரை போயிருக்கிறது, அப்பாவின் உடம்பு எதைத் தாங்கும் என்பதைப் பார்த்தே வைத்தியம். நுரையீரல் புற்றுநோயில் சிறுகல வகை, சிறுகலம் அல்லாத வகை என்று இரண்டு உண்டு. நூற்றில் 85 பேரளவுக்கு வருவது சிறுகலம் அல்லாத வகை. அது நுரையீரலுக்குள் அடங்கியிருந்தால் சத்திரசிகிச்சைதான் முதல் வழி. வலது நுரையீரலில் மூன்று சோணைகள், அதாவது பகுதிகள். கட்டியுள்ள சோணையை எடுத்தாலும் மற்றவை மூச்சைத் தாங்கும். ஆனால் சுருட்டுக் குடித்த நெஞ்சு என்பதால் முதலில் குழாயில் ஊதவைத்து மூச்சின் பலத்தை அளந்து பார்ப்பார்கள். பலம் போதாது என்றால் கட்டியைக் குறிவைக்கும் கதிர்ச் சிகிச்சை இருக்கிறது. நடுநெஞ்சின் நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருந்தால் பெரும்பாலும் கீமோவும் கதிரும் சேர்த்துக் கொடுப்பார்கள். எதுவானாலும் சுருட்டை இன்றே விடச் சொல்லுங்கள், சிகிச்சையைத் தாங்க அது உண்மையாகவே உதவும்.

உடம்பின் வேறிடங்களுக்குப் பரவியிருந்தால், பயொப்சித் துண்டில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மரபணு மாற்றங்களைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இருந்தால் கீமோவுக்குப் பதிலாக அந்த மாற்றத்துக்கு ஏற்ற குளிசையை (ஈ.ஜி.எஃப்.ஆர். என்றால் ஜெஃபிடினிப், ஒசிமெர்டினிப் போன்றவை) வீட்டிலேயே தினமும் போடலாம். தோலில் பரு, வயிற்றோட்டம் வரும், சமாளிக்கலாம். புகைக்காதவர்களிடம்தான் இந்த மாற்றங்கள் அதிகம். அதற்காக அப்பாவுக்குப் பார்க்காமல் விடக்கூடாது. அந்த மாற்றங்கள் இல்லையென்றால் கீமோ, விலை கூடிய நோயெதிர்ப்பு ஊசிகள். சிறுகல வகை வேகமாகப் பரவும். அதில் சத்திரசிகிச்சைக்கு இடம் குறைவு, கீமோ கொடுத்தால் தொடக்கத்தில் நன்றாகச் சுருங்கும்.

வலிக்கும் மூச்சுத் திணறலுக்குமான ஆறுதல் சிகிச்சையைக் கடைசிக்கு வைக்காதீர்கள். 2010இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பரவிய நிலையில் அதைத் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் மற்றவர்களைவிட நிம்மதியாக இருந்ததோடு இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

சரி, சென்னை. இங்கே இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை உங்களுக்குக் கிட்ட இருக்கிறது, மகரகமவில் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. கீமோ பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, பல மாதம் நீளும். இடையில் 38 பாகைக்கு மேல் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திராமல் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். அப்போது வீட்டுக்குக் கிட்ட இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று அண்ணாவுக்குச் சொல்லுங்கள். இரண்டாவது கருத்துக் கேட்கப் போவதில் பிழையில்லை. போனால் அறிக்கையோடு ஸ்கான் சீடியையும், பயொப்சித் துண்டு பதிந்த மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். அது கையில் இல்லாவிட்டால் அங்கே அப்பாவுக்கு இன்னொரு தடவை ஊசி போட வேண்டி வரலாம்.