நாலு பேப்பரும் பாஸ், லைசென்ஸ் மட்டும் எந்த மாநிலத்தில்?

கேள்வி: என் மகள் பி.காம்., எம்.காம். படித்தவள். சென்னையில் இருந்தபடியே வாஷிங்டன் மாநில வாரியம் மூலமாக அமெரிக்க சி.பி.ஏ. (நம் ஊர் சி.ஏ. மாதிரி அங்கத்திய கணக்குத் தணிக்கையாளர் தகுதி) தேர்வு எழுதி, 2023 நவம்பரில் நாலாவது பேப்பரையும் பாஸ் செய்தாள். அப்புறம் கல்யாணமாகி நியூஜெர்சி போனாள். ஹெச்-4 (அங்கே வேலை பார்ப்பவரின் துணைக்குத் தரும் விசா) வேலை அனுமதி கிடைத்து, அங்கே ஒரு சி.பி.ஏ. அலுவலகத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாள். லைசென்ஸுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இப்போது மாப்பிள்ளைக்கு டெக்சாஸுக்கு மாற்றல். அங்கே போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். போன் பண்ணும்போதெல்லாம் அழுகிறாள். இவ்வளவு படித்தது வீணா?

பதில்:

அம்மா, வீணாகவில்லை. தேர்வை மறுபடி எழுதவும் வேண்டாம். உங்கள் மகளை பயமுறுத்தியவர் தேர்வையும் லைசென்ஸையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். ஆனால் அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. அதனால்தான் சட்டென்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் சி.ஏ. என்றால் நாடு முழுக்க ஒரே இன்ஸ்டிடியூட், ஒரே உறுப்பினர் எண். மதுரையில் வாங்கிய உறுப்பினர் எண்ணை வைத்து டெல்லியில் அலுவலகம் போடலாம். அமெரிக்காவில் தேர்வு மட்டும்தான் எல்லோருக்கும் பொது. லைசென்ஸ் கொடுப்பது அந்தந்த மாநிலத்தின் அக்கவுன்டன்சி வாரியம். 50 மாநிலங்கள், தலைநகரமான வாஷிங்டன் டி.சி., போர்ட்டோ ரிக்கோ, குவாம், அமெரிக்க வர்ஜின் தீவுகள், வடக்கு மரியானா தீவுகள் என்று மொத்தம் 55 வாரியங்கள். எவ்வளவு படிப்பு, எப்படிப்பட்ட அனுபவம், நெறிமுறைக்கு என்ன தேர்வு, என்னென்ன அடையாளச் சான்று என்பதை ஒவ்வொரு வாரியமும் தன் சட்டப்படி வைத்திருக்கிறது. மதிப்பெண்ணை ஒரு வாரியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம். ஆனால் வாங்கிக்கொள்ளும் வாரியம் தன் விதிகளின்படி உங்கள் மகளின் படிப்பை முதலிலிருந்து எடைபோடும். சிக்கல் ஆரம்பிப்பது அங்கேதான்.

அவள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. முதலாவது, மதிப்பெண்ணை டெக்சாஸுக்கு மாற்றி, அங்கே புதிதாக லைசென்ஸ் கேட்பது. இப்படிப் போனால் அவளுடைய பி.காம்., எம்.காம். இரண்டையும் டெக்சாஸ் விதிப்படி மறுபடி மதிப்பிட வேண்டும். வாஷிங்டனுக்காக வாங்கிய மதிப்பீட்டு அறிக்கை (நம் பட்டம் அமெரிக்கப் படிப்புக்கு எவ்வளவு சமம் என்று சொல்வது) இங்கே செல்லும் என்று நம்பக்கூடாது. பல மதிப்பீட்டு நிறுவனங்கள் எந்த மாநிலத்துக்கு என்று கேட்டுத்தான் அறிக்கையே தருகின்றன. அதோடு, வாரியம் ஒப்புக்கொண்ட நெறிமுறைப் பாடம் ஒன்றை 3 கிரெடிட்டுக்கு (கிரெடிட் என்பது அங்கே பாட அளவைக் கணக்கிடும் அலகு) கல்லூரியில் படித்திருக்க வேண்டும் என்று டெக்சாஸ் கேட்கும். நம் ஊர் எம்.காமில் அப்படி ஒரு பாடம் இருக்காது. அதற்காக ஒரு செமஸ்டர் உட்கார வேண்டி வரும்.

இரண்டாவது வழிதான் நான் சொல்வது. தேர்வு எழுதிய வாஷிங்டனிலேயே முதலில் லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும். (தலைநகரம் இல்லை, சியாட்டில் இருக்கிற மேற்குக் கரை மாநிலம்.) அங்கே குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நியூஜெர்சியில் பார்த்த வேலையை, அதை மேற்பார்த்த சி.பி.ஏ. கையெழுத்துப் போட்டு உறுதி செய்தால் போதும். அந்த லைசென்ஸ் கையில் வந்த பிறகு, ‘ஏற்கெனவே லைசென்ஸ் உள்ளவர்’ என்ற முறையில் டெக்சாஸில் விண்ணப்பிக்கலாம். இதை ரெசிப்ராசிட்டி என்பார்கள். அப்போது பழைய மாநிலத்தின் தகுதி தங்கள் தகுதிக்கு ஏறக்குறைய சமமா என்றுதான் முக்கியமாகப் பார்ப்பார்கள். கைரேகை, டெக்சாஸ் நடத்தை விதிகள் பற்றிய ஒரு தேர்வு, கட்டணம் இவை இருக்கும். அவை ஒரு செமஸ்டர் படிப்போடு ஒப்பிட்டால் பெரிய விஷயமில்லை.

இதிலும் தடுக்கி விழக்கூடிய இடம் ஒன்று உண்டு: 150 கிரெடிட். பல மாநிலங்கள் 120 கிரெடிட் இருந்தாலே தேர்வு எழுத விட்டுவிடும், லைசென்ஸ் கேட்கும்போதுதான் 150 கேட்கும். நம் மூன்று வருஷ பி.காமுக்கு சாதாரணமாக 90 கிரெடிட் அளவில்தான் கணக்கு வைப்பார்கள். எம்.காமையும் சேர்த்தால் 150 பக்கத்தில் வந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் நிற்பதுதான் ஆபத்து. நாலைந்து கிரெடிட் குறைந்தாலும் விண்ணப்பம் திரும்பிவிடும். அதனால் அவள் கையில் இருக்கிற மதிப்பீட்டு அறிக்கையை எடுத்து, மொத்தம் எத்தனை, அதில் அக்கவுன்டிங் பாடங்கள் எத்தனை, பொதுவான பிசினஸ் பாடங்கள் எத்தனை என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள். குறைந்தால் அங்கே உள்ள கம்யூனிட்டி காலேஜில் ஆன்லைனில் ஒன்றிரண்டு பாடம் படித்து நிரப்பலாம். எந்தப் பாடத்தை ஏற்பார்கள் என்று வாரியத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகுதான் பணம் கட்ட வேண்டும்.

இந்த 150 விதி இப்போது தளர்ந்து வருவதும் உண்மை. ஒஹாயோ 2025 ஜனவரியில் ஒரு சட்டம் போட்டு, 2026 தொடக்கத்திலிருந்து இளங்கலைப் பட்டமும் இரண்டு வருஷ அனுபவமும் இருந்தாலும் போதும் என்று வழி திறந்தது. டெக்சாஸ் உட்பட வேறு பல மாநிலங்களும் அதே பக்கம் நகர்ந்தன. உங்கள் மகளுக்கு 150 கிட்டத்தட்ட இருக்கிறது என்பதால், இந்தப் புது வழியை நம்பி இன்னொரு வருஷம் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

காத்திருக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதைத்தான் பலர் கவனிப்பதே இல்லை. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள மையத்தில் தேர்வு எழுதுகிறவர்கள், பாஸ் செய்த மூன்று வருஷத்துக்குள் லைசென்ஸ் வாங்கிவிடுவோம் என்று ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறார்கள். பதிவு செய்யும்போது ஒரு கட்டத்தில் டிக் செய்துவிட்டு மறந்துபோகிற விஷயம். அவள் கணக்குப்படி 2026 நவம்பரில் அந்தக் கெடு முடிகிறது. மாப்பிள்ளை வீடு மாற்றி, பெட்டி பிரித்து, ஊர் பழகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால் அந்தத் தேதி வந்து நிற்கும்.

அதனால் நியூஜெர்சியை விட்டுக் கிளம்புவதற்கு முன்னால் அனுபவச் சான்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வாஷிங்டன் வாரியத்தின் படிவமாகவே இருக்க வேண்டும், அலுவலக லெட்டர்ஹெட்டில் எழுதித் தரும் பாராட்டுக் கடிதம் உதவாது. கையெழுத்துப் போடுகிறவரின் லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதை சி.பி.ஏ. வெரிஃபை என்ற இலவச இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வேலையை விட்டு ஒரு வருஷம் கழித்து, பழைய முதலாளியிடம் போய் நான் இன்ன வேலை செய்தேன் என்று எழுதித் தாருங்கள் என்று கேட்பது எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன அலுவலகம் என்றால் அவர் ஓய்வு பெற்றிருக்கலாம், அலுவலகமே கைமாறியிருக்கலாம்.

டெக்சாஸ் லைசென்ஸ் வரும்வரை அவள் சும்மா உட்கார வேண்டாம். நிறுவனங்களில் கணக்கு வேலை பார்க்க லைசென்ஸ் தேவையில்லை, வேலை அனுமதி நடப்பில் இருந்தால் போதும். தணிக்கை அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கும், தன்னை சி.பி.ஏ. என்று அழைத்துக்கொள்வதற்கும்தான் லைசென்ஸ் வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. தேர்வு பாஸ் ஆனதுமே லிங்க்ட்இன்னில் பெயருக்குப் பின்னால் சி.பி.ஏ. என்று போட்டுக்கொள்வது நம் பிள்ளைகளிடம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. லைசென்ஸ் இல்லாமல் அப்படிப் போடுவது விதிமீறல். நாளைக்கு விண்ணப்பத்தைப் பார்க்கும் வாரியம் அதையும் பார்க்கலாம். ‘சி.பி.ஏ. தேர்வில் தேர்ச்சி’ என்று எழுதினால் போதும், வேலை தருகிறவருக்குப் புரியும்.

மாப்பிள்ளையின் வேலை இப்படி அடிக்கடி மாநிலம் மாறும் வகை என்றால், என்ரோல்டு ஏஜென்ட் (வரி விஷயங்களில் பிறர் சார்பாக வரித் துறையிடம் பேசும் உரிமையுள்ளவர்) தகுதியையும் அவள் யோசிக்கலாம். அது வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். நேரடியாகத் தருவது, மத்திய அரசின் தகுதி. மூன்று பகுதித் தேர்வு, பட்டம் கூடக் கேட்பதில்லை. எந்த மாநிலத்துக்குப் போனாலும் கூடவே வரும். வரி வேலையில் அவளுக்கு ஆர்வம் இருந்தால் மட்டும்தான் இது. தணிக்கைதான் பிடிக்கும் என்றால் இதில் பணம் போட வேண்டாம்.

கடைசியாக, உங்களால் ஊரிலிருந்தே முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. மதிப்பீட்டு நிறுவனங்கள் மதிப்பெண் பட்டியலை பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் நேரடியாக அனுப்பச் சொல்லும். அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு இதை வாங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். நீங்களோ வீட்டில் யாராவதோ பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நேரில் போய், பி.காமுக்கும் எம்.காமுக்கும் டிரான்ஸ்கிரிப்ட் கேட்டு விண்ணப்பியுங்கள். ஒரு செட் போதாது, மூன்று செட்டாகக் கேளுங்கள். பாடத்திட்டப் பிரதியும் கிடைத்தால் வாங்கி வையுங்கள், ஒரு பாடத்தில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று வாரியம் கேட்டால் காட்டுவதற்கு ஆகும். உங்கள் பெயரில் மகள் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் அவளுடைய அடையாள அட்டை நகலும் கையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.