வீட்டுக் கணினியில் இரண்டு ஹார்ட் டிஸ்க்கை மிரர் செய்வது எப்படி? செய்தால் பேக்கப் வேண்டாமா?

உங்கள் கேள்வியில் இருந்து எனக்குப் புரிந்தது: கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோ எடிட் செய்கிறீர்கள். விண்டோஸ் 11 ஹோம் ஒரு எஸ்எஸ்டியில் ஓடுகிறது. புதிதாக இரண்டு 4 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி மிரர் செய்யப்போகிறீர்கள். அதன் பிறகு பேக்கப் தேவையில்லை என்று நினைக்கிறீர்கள்.

மிரர் செய்யுங்கள், உங்கள் தொழிலுக்கு அது உதவும். ஆனால் பேக்கப் கண்டிப்பாக வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் பேக்கப்புக்குச் செலவழியுங்கள்.

மிரர் என்பதுதான் ரெய்டு 1. எழுதும் ஒவ்வொன்றும் இரண்டு டிஸ்க்கிலும் பதியும். 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்டு பற்றிய கட்டுரையை எழுதியபோதே இது பழைய முறை. அவர்கள் அதற்கு 1 என்று எண் போட்டார்கள், அவ்வளவுதான். இதன் நோக்கம் ஒன்றே ஒன்று: ஒரு டிஸ்க் செத்தாலும் வேலை நிற்காமல் ஓட வேண்டும். நாளைக் காலை மாப்பிள்ளை வீட்டார் வீடியோவுக்கு வந்து நிற்பார்கள், இன்றிரவு டிஸ்க் போய்விட்டது என்றால், அந்த இரவை மிரர் காப்பாற்றும். குடும்பப் படங்கள் மட்டும் வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால் மிரரே வேண்டாம் என்பேன். இரண்டாவது டிஸ்க்கை வெளியே வைத்துக்கொண்டு வாரம் ஒருமுறை நகல் எடுத்தால் அவருக்குப் போதும்.

மிரர் இருந்தும் பேக்கப் ஏன் என்றால், நீங்கள் தவறாக அழிக்கும் ஃபோல்டர் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டும். இரண்டுக்கும் மின்சாரம் ஒரே பவர் சப்ளையிலிருந்து வருகிறது என்பதையும் மறக்க வேண்டாம். நம் ஊரில் சாயங்கால மழை, அதிலும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில், இடி மின்னலோடுதான் வரும். மின்னல் கரண்ட் வழியாகத்தான் வரும் என்றும் இல்லை, இன்டர்நெட் கேபிள் வழியாகவும் உள்ளே வரும். சுமாரான யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். கரண்ட் போனதும் அவசரமில்லாமல் சேமித்து அணைக்கச் சில நிமிடம் கிடைத்தால் போதும். பெரிய இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவது யுபிஎஸ்ஸையும்விடப் பாதுகாப்பு.

சரி, வாங்கும் விஷயம். இரண்டையும் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். ஒரே தொகுதியில் தயாரான டிஸ்க்குகளில் குறை இருந்தால் இரண்டிலும் இருக்கும், இரண்டும் அடுத்தடுத்துப் போகும். கணினிக் கடைகள் நிறைந்த லோயாட் பிளாசாவில் ஒரு மாடி ஏறி இறங்கினாலே வேறு கடை, வேறு தொகுதி கிடைத்துவிடும். கம்பெனியும் வேறாக இருந்தால் இன்னும் நல்லது, அளவு மட்டும் ஒன்றாக இருக்கட்டும். பெட்டியில் சிஎம்ஆர் (எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும் வகை) என்று போட்டிருக்கிறதா, இல்லாவிட்டால் அந்த மாடல் சிஎம்ஆர்தானா என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் பல 4 டிபி டிஸ்க்குகள் எஸ்எம்ஆர் வகை. அவற்றில் எழுதும் தடங்கள் கூரை ஓடு போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும், அதனால் பெரிய அளவில் தொடர்ந்து எழுதும்போது வேகம் படுத்துவிடும். மிரரில் ஒரு டிஸ்க்கை மாற்றினால் நடப்பது அந்தத் தொடர் எழுத்துத்தான். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையிலேயே சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று தெரியவந்து பெரிய சச்சரவானது நினைவிருக்கலாம். இப்போது அவர்களின் ரெட் பிளஸ், சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர்.

ஆன்லைனில் விலை ஆச்சரியமாகக் குறைவாக இருந்தால் தொடாதீர்கள். ஓடித் தேய்ந்த டிஸ்க்கில் எத்தனை மணி நேரம் ஓடியது என்ற கணக்கைச் சுழியமாக்கிப் புதிது என்று விற்ற ஒரு கிடங்கு 2025இல் கோலாலம்பூர்ப் பக்கமே பிடிபட்டது.

மாட்டுவதற்கு முன் மதர்போர்டு கையேட்டைப் பாருங்கள். பல போர்டுகளில் எம்.2 இடத்தில் எஸ்எஸ்டி இருந்தால் ஹார்ட் டிஸ்க் கேபிளை மாட்டும் சாட்டா போர்ட் ஒன்றோ இரண்டோ செயலிழந்துவிடும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் இதுதான்.

அமைக்கும் வழி மூன்று. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டு மென்பொருளில், இருக்கும் ரெய்டு முதலாவது. உங்களுக்கு இதைச் சொல்ல மாட்டேன். சாட்டா டிஸ்க்குகள் வழக்கமாக ஓடும் ஏஎச்சிஐ முறையிலிருந்து ரெய்டுக்கு மாற்றினால் ஏற்கெனவே இருக்கும் விண்டோஸ் கிளம்பாமல் போகலாம். போர்டு செத்தால் அதே குடும்பத்துப் போர்டு தேடி அலைய வேண்டியும் வரலாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் உள்ள மிரர் இரண்டாவது. அது ஹோம் பதிப்பில் கிடையாது, மைக்ரோசாஃப்டும் அதைக் கைவிட்டு வருகிறது. மிச்சம் இருப்பது ஸ்டோரேஜ் ஸ்பேஸஸ் என்ற விண்டோஸ் வசதி. ஹோமிலேயே இருக்கிறது, காசு இல்லை.

தேடலில் ஸ்டோரேஜ் ஸ்பேஸஸ் என்று தட்டி, புதிய பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு) உருவாக்கும் பக்கத்தில் இரண்டு டிஸ்க்கையும் தேர்ந்தெடுங்கள். அந்த நிமிடமே அவற்றில் உள்ளவை எல்லாம் அழியும், அதனால் எஸ்எஸ்டியைத் தெரியாமல் டிக் செய்துவிடாதீர்கள். பிறகு வகையில் டூ-வே மிரர், ஃபைல் சிஸ்டத்தில் என்டிஎஃப்எஸ். அளவு கேட்கும் இடத்தில் உண்மையில் இருப்பதைவிடப் பெரிய எண்ணையும் அது ஏற்றுக்கொள்ளும். ஆசைப்பட வேண்டாம், காட்டுவதை அப்படியே விடுங்கள். இரண்டு 4 டிபி சேர்ந்து 3.63 டிபி என்றுதான் தெரியும். மிரரில் ஒரு டிஸ்க்கின் அளவுதான் கிடைக்கும், அதையும் விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுவதால் அப்படி, எதுவும் காணாமல் போகவில்லை. இந்த டிஸ்க்கை வேறு விண்டோஸ் கணினியில் மாட்டினால் அடையாளம் தெரியும், மேக்கிலோ டிவியிலோ மாட்டினால் தெரியாது.

இப்போது முக்கியமான கட்டம். பிரிக்பீல்ட்ஸில் ஸ்டூடியோ வைத்திருக்கும் என் மாமாவுக்கு ஒரு கடையில் பயாஸ் ரெய்டு போட்டுக் கொடுத்தார்கள். ஒரு டிஸ்க் எப்போதோ செத்துவிட்டது. கணினி கிளம்பும்போது ஒரு வரி மட்டும் எச்சரிக்கை வரும், மானிட்டர் விழித்துக்கொள்வதற்குள் அது போய்விடும். வேலை வழக்கம்போல ஓடியது. அதுதானே மிரரின் குணம், ஒன்று போனாலும் எதுவும் தெரியாது. அடுத்த தீபாவளி சீசன் நடுவில் இரண்டாவதும் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. "ரெண்டு டிஸ்க் இருக்குப்பா, ஒன்னும் ஆகாதுன்னுதானே சொன்னாங்க" என்று மாமா போனில் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. தரவு மீட்பவர்களிடம் கொடுத்ததில் பாதிக் கோப்புகள்தான் திரும்பின.

அதனால் தரவு எதையும் போடுவதற்கு முன் ஒத்திகை பாருங்கள். உதவாத வீடியோ சிலவற்றை நகலெடுத்து வையுங்கள். கணினியை முழுதாக அணைத்து, ஒரு டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றி, மறுபடி கிளப்புங்கள். வீடியோ ஓடுகிறதா? எச்சரிக்கை எங்கே, எந்த நிறத்தில் வருகிறது? ஸ்டோரேஜ் ஸ்பேஸஸ் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு அணைத்து, கேபிளை மாட்டி, பழைய நிலைக்கு வருகிறதா என்று பாருங்கள். எது எந்த டிஸ்க் என்று சீரியல் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை ஒட்டுத்தாளில் எழுதி டிஸ்க்கின் முன்பக்கம் ஒட்டுங்கள். நல்ல டிஸ்க்கைக் கழற்றிப் போடும் விபத்து நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

நிஜமாகவே ஒன்று செத்தால், புதியதை மாட்டிப் பூலில் முதலில் சேருங்கள், பிறகு பழையதை நீக்குங்கள். நிறைந்த 4 டிபி டிஸ்க், விநாடிக்கு 150 எம்பி வேகத்தில் போனாலும் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் ரெண்டர் எதுவும் ஓட்டாதீர்கள், மிச்சமிருக்கும் டிஸ்க் பாவம். அப்புறம், மாதம் ஒருமுறை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதைக் கரண்ட் பில் கட்டும் நாளோடு சேர்த்துக்கொள்ளுங்கள். தானாக வரும் அறிவிப்பை மட்டும் நம்ப மாட்டேன்.

பேக்கப்புக்கு, புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் சொன்ன 3-2-1 கணக்கு போதும்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். மிரர் முழுவதையும் இதில் ஒரே பிரதியாகத்தான் எண்ண வேண்டும். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு வேறு ஊர் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. நான் இரண்டு யுஎஸ்பி டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்று வீட்டில், நகல் எடுக்கும் நேரம் தவிரக் கழற்றியே இருக்கும். மற்றது பினாங்கில் அக்கா வீட்டில். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும்போது ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வோம். அக்கா அதை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கிறார், அதை மட்டும் இன்னும் மாற்ற முடியவில்லை. உங்கள் வேலைக்கு வருடத்தில் இரண்டு முறை போதாது. முடித்துக் கொடுத்த வீடியோக்களையாவது மாதாமாதம் கிளவுடில் ஏற்றிவிடுங்கள். மூலக் காட்சிகளைக் கல்யாண வீட்டார் திருப்தி சொல்லும்வரை மெமரி கார்டிலிருந்து அழிக்காதீர்கள்.

மதர்போர்டு மாடலை எழுதினால் எந்தச் சாட்டா போர்ட்டில் மாட்டலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.