காணி உறுதியை வீட்டிலேயே வையுங்கள்

சென்ற வாரம் கோப்பாயிலிருந்து மனைவியோடும் மகளோடும் வந்த ஒரு தந்தை, கதிரையில் அமர்வதற்கு முன்பே, பொலித்தீன் உறையில் சுற்றிய காணி உறுதியை என் மேசையில் வைத்தார். மகள் உயிரியல் பிரிவில் இரண்டாந் தடவையும் உயர்தரம் எழுதியும் மருத்துவபீடத்துக்குரிய இசட் புள்ளி கிடைக்கவில்லை. கனடாவிலுள்ள மாமா, வெளிநாட்டில் மருத்துவம் படிப்பிக்கலாம் என்று நாள்தோறும் தொலைபேசியில் வற்புறுத்துகிறார். தாய்க்கு நித்திரையே இல்லை.

ஐயா, அந்தக் காணியை ஈடு வைக்காதீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் முடித்தவர் அதற்குரிய தகுதிப் பரீட்சையில் சித்தியடைந்து, இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்ற பின்னரே இங்கு தொழில் செய்யலாம். கட்டணம், பயணம், பரீட்சைக்காகக் காத்திருக்கும் காலம் ஆகியவற்றைச் சேர்க்காமல் மாமா சொன்ன தொகையை மட்டும் நம்புவது தவறு. பிள்ளையின் விருப்பத்தை இதுவரை ஒருவரும் கேட்காதது அதனிலும் பெரிய தவறு.

நான் கேட்டேன். அவள் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தாள். வேலியோரத்து அலரியில் பிடித்த புழுக்களைப் பிஸ்கற் தகரத்தில் வளர்த்து, எந்த நாளில் தோலுரித்தன, எத்தனை இலை தின்றன, எத்தனை நாளில் அந்துப்பூச்சியாக வெளிவந்தன என்று பதினொரு மாதமாக எழுதியிருக்கிறாள். "பட்டுப்புழுவைப் பற்றிப் படிக்க எங்கே போகலாம், சேர்?" என்பதுதான் அவளுடைய ஒரே கேள்வி.

உங்கள் வீட்டுக் கலியாணக் கூறைக்கு நூல் தரும் அந்தப் புழு, முட்டையிலிருந்து வரும்போது எறும்பளவுதான். மல்பெரி இலையை மட்டுமே தின்று, ஏறத்தாழ 25 நாளில் நான்கு முறை தோலுரித்து, பிறந்தபோதிருந்த எடையைப் போலப் பல ஆயிரம் மடங்கு வளர்கிறது. பின்பு தலையை எட்டு வடிவில் அசைத்து, இரண்டு மூன்று நாளில் ஏறக்குறைய 1,000 மீற்றர் நீளமான ஒரே இழையால் கூடு கட்டுகிறது. வெளிவரும் அந்துப்பூச்சி எதையும் உண்பதில்லை. சில நாட்களுக்குள் முட்டையிட்டு இறந்துவிடும். 1865இல் பிரான்சின் பட்டுப் பண்ணைகளை அழித்துக்கொண்டிருந்த நோயை ஆராயச் சென்ற லூயி பாஸ்ரர், தாய்ப்பூச்சியை நுணுக்குக்காட்டியில் சோதித்து நோயற்றதன் முட்டைகளையே வளர்க்கும் முறையைக் காட்டினார். முட்டை தயாரிக்கும் நிலையங்களில் இன்றும் அந்தச் சோதனை நடக்கிறது. பொறுமையாகக் குறிப்பெடுக்கும் இந்தப் பிள்ளையின் கைக்கு ஏற்ற வேலை அது.

யாழ்ப்பாணத்தில் பட்டுத் தொழிற்சாலை வேலை காத்திருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். புகையிலைத் தோட்டத்துக்கு அருகில் வளரும் மல்பெரி இலையைத் தின்றால் புழு நஞ்சேறி இறந்துவிடும் என்பதால், எங்கள் ஊரின் எல்லாக் காணியும் அதற்குப் பொருந்தாது. ஆனால் பட்டுப்புழுவைக் கற்றவர் புழுவினம் முழுவதையும் அறிவார். 2018இல் இந்நாட்டுக்குள் வந்து சோளத்தை அழித்த படைப்புழுவும் அந்துப்பூச்சியின் புழுதான். எங்கள் வெங்காயத் தாளைத் துளைக்கும் பச்சைப்புழுவும் அப்படியே. பூச்சியியல் அறிந்த ஒருவர் விவசாயத் திணைக்களத்துக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் தேவைப்படுவார்.

எனவே, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாயபீடத்தை முதலிலும், திருநெல்வேலி விஞ்ஞானபீடத்தின் உயிரியல் கற்கையை அடுத்தும் எழுதுங்கள். இரண்டுக்கும் கல்விக் கட்டணம் இல்லை. பட்டதாரியான பின்னர் இந்திய அரசின் புலமைப்பரிசில்களுக்கு விண்ணப்பிக்கலாம். பட்டுப்புழுவியலுக்கென்றே மைசூரில் மத்திய ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் உண்டு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் மேட்டுப்பாளையத்தில் இதற்கெனத் தனிப் பட்டப்படிப்பே நடத்துகிறது. இப்போதே சொந்தச் செலவில் அங்கு அனுப்ப நினைத்தால், வெளிநாட்டு மாணவருக்கான முழுக் கட்டணத்தையும் எழுத்தில் பெறாமல் ஒரு ரூபாயும் கட்டவேண்டாம்.

மாமாவுக்கு என்ன பதில் சொல்வதென்று அம்மா கேட்டார். படிக்கப்போவது பிள்ளை, கடன் கட்டப்போவது நீங்கள். அவருடைய சம்மதத்துக்காக விண்ணப்ப முடிவுத் திகதியைத் தவறவிடாதீர்கள். சனிக்கிழமை பிள்ளை அந்தக் கொப்பியோடு வரட்டும். தெரிவு வரிசையை மூவரும் இருந்து எழுதுங்கள், நான் சரிபார்த்துத் தருகிறேன்.