கடலுக்கு ஒரு மேசை, சாப்பாட்டுக்கு வேறொரு மேசை

கேள்வி: ஜூன் மாதம் இத்தாலியின் அமால்ஃபி கடற்கரைக்குச் செல்கிறோம். போசித்தானோவில் கடலைப் பார்த்தபடி அந்த ஊர் உணவைச் சாப்பிட ஓர் உணவகம் சொல்லுங்கள். என் மனைவி சைவம்.

பதில்: இரண்டு ஆசைகளையும் ஒரே மேசையில் தீர்த்துக்கொள்ள நினைக்காதீர்கள். போசித்தானோவில் கடல் தெரியும் மாடியில் அமர்ந்து நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு அந்த இருக்கைக்கே போய்விடும். அதே கடலை, சலேர்னோவிலிருந்து அமால்ஃபிக்குப் போகும் பேருந்தின் இடப்பக்க ஜன்னல் வழியெங்கும் காட்டிக்கொண்டே வரும்.

பசியோடு இறங்க வேண்டிய ஊர், சலேர்னோவுக்கு அருகிலுள்ள சேத்தாரா. இன்றும் மீன்பிடித் தொழிலை விடாத சிற்றூர் அது. தலையும் குடலும் நீக்கிய நெத்திலியை மரத்தொட்டியில் உப்போடு அடுக்கடுக்காக வைத்து, மேலே கல்லைப் பாரமாக ஏற்றி, மாதக்கணக்கில் ஊறவிட்டு, பிறகு அடியில் துளையிட்டுச் சொட்டுச்சொட்டாக வடித்தெடுக்கும் செம்பழுப்புச் சாறுதான் அந்த ஊரின் பெருமை. 'கொலத்தூரா' எனப்படும் அதற்கு 2020இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் கிடைத்தது. சாற்றிலேயே உப்பு மிகுதி என்பதால் ஸ்பகெட்டியை உப்பில்லாத தண்ணீரில் வேகவைத்து, பூண்டு, ஆலிவ் எண்ணெய், பார்ஸ்லி இவற்றோடு சாற்றை அடுப்பில் ஏற்றாமல் பச்சையாகவே விட்டுப் பிசறுகிறார்கள். அமால்ஃபி கரையில் நீங்கள் ஒரே ஒரு வேளைதான் சாப்பிட முடியுமென்றால், அந்த வேளை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

உங்கள் மனைவிக்கு அது ஆகாது. அவருக்காக மினோரியில் இறங்குங்கள். ரிக்கோட்டா பாலாடைக்கட்டியையும் மாவையும் பிசைந்து உருட்டி வேகவைக்கும் 'உந்துந்தேரி' அங்கே தலைமுறை தலைமுறையாகச் செய்யப்படுவது. மேலே ஊற்றுவது வெறும் தக்காளிக் குழம்பா, இறைச்சி சேர்ந்ததா என்று மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சைவத்தில் அவர் கண்டிப்பானவர் என்றால் இன்னும் இரண்டைச் சொல்லியாக வேண்டும். நெரானோ ஊரின் சுரைக்காய் வகை ஸ்பகெட்டி காய்கறி உணவாகத் தோன்றினாலும், அதில் சேரும் ப்ரொவொலோனே தெல் மொனாகோ பாலாடைக்கட்டியை ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால்தான் உறைய வைக்கிறார்கள். கொங்கா தெய் மரீனி ஊரின் கன்னியர் மடத்தில் பிறந்த ஸ்ஃபொல்யாத்தெல்லா இனிப்பின் மடிப்புகளில் பன்றிக் கொழுப்பு தடவுவது வழக்கம். கவலையின்றிச் சாப்பிட, மலைமேல் உள்ள திராமோந்திக்குப் போய், பாலாடைக்கட்டி இல்லாமல் தக்காளி, பூண்டு, ஓரிகனோ இட்ட மரினாரா பீட்சா கேளுங்கள். பீட்சா கலைஞர்களை இத்தாலி முழுவதற்கும் அனுப்பிய ஊர் அது.

போசித்தானோவைத் தவிர்க்கச் சொல்லவில்லை. ஜூனில் சலேர்னோவிலிருந்து படகுகள் ஓடும். சேத்தாராவில் மதிய உணவை முடித்துவிட்டு, மாலையில் படகேறி அங்கே போய் ஒரு காப்பியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.