தாத்தாவின் பிளட் குரூப்

வணக்கம் ஐயா,

மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பயாலஜி பிராஜெக்ட்டுக்காக வீட்டில் எல்லோருடைய பிளட் குரூப்பையும் கேட்டு சார்ட் போட்டாள். மாமனார், மாமியார் இருவரும் ஓ பாசிட்டிவ். என் கணவர் பி பாசிட்டிவ். “ஓவுக்கும் ஓவுக்கும் ஓ மட்டும்தான் பிறக்கும். அப்பாவைத் தத்து எடுத்தாங்களாம்மா?” என்று ராத்திரி ரகசியமாகக் கேட்கிறாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. மாமியார் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. பாடப்புத்தகம் தப்பாகச் சொல்லுமா?

வி., செம்பூர், மும்பை

அன்புள்ள வி.,

முதலில் ரிப்போர்ட்டைச் சந்தேகப்படுங்கள், மாமியாரை அல்ல. ஒரு ரத்ததான முகாமில் கொடுத்த கார்டை நம்பி, பதினோரு வருடம் நான் ஏ பாசிட்டிவ் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஹெர்னியா ஆபரேஷனுக்கு முன்னால் சோதித்தபோதுதான் ஏபி என்று தெரிந்தது.

ரிப்போர்ட் சரியாகவே இருந்தாலும் கணக்கு அத்தோடு முடியவில்லை. மாட்டுங்கா பூக்கடையில் பூக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏ என்பது மல்லிகை, பி என்பது கனகாம்பரம் என்று வையுங்கள். இரண்டையும் கட்ட நார் வேண்டும். ரத்தச் சிவப்பணுவின் மேல் அந்த நாராக இருப்பது எச் என்ற சர்க்கரைப் பொருள். ஏ, பி இரண்டும் அதன் மேல்தான் ஒட்டுகின்றன. பூ இல்லாத வெறும் நார்தான் ஓ.

நாரே இல்லாதவர்களும் உண்டு. கூடையில் கனகாம்பரம் இருக்கும், ஆனால் கட்ட வழியில்லை. வழக்கமான சோதனை பூ இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இல்லையென்றால் ஓ என்று எழுதிவிடும். பூவுக்கான மரபணு 9ஆவது குரோமோசோமில் இருக்கிறது, நாருக்கானது 19ஆவதில். இரண்டும் தனித்தனியாகப் பிள்ளைக்குப் போகும். மாமனார் இப்படி நார் இல்லாதவர் என்று வைத்துக்கொள்வோம். ஒளிந்திருந்த கனகாம்பரத்தை அவர் கொடுத்தார், நாரை மாமியார் கொடுத்தார். மகன் பி. யாரும் யாரையும் தத்து எடுக்கவில்லை! ஒரு மரபணு இன்னொன்றின் வேலையை மறைப்பதை எபிஸ்டாசிஸ் என்பார்கள். புத்தகம் தப்பில்லை, ஓ என்று தெரிகிற எல்லோரும் உள்ளேயும் ஓதான் என்று நாமாக எடுத்துக்கொள்வதுதான் தப்பு.

இதைக் கண்டுபிடித்ததே உங்கள் ஊரில்தான். 1952இல் பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் டாக்டர் பெண்டேயும் அவருடன் வேலை செய்தவர்களும் கண்டு சொன்னார்கள். அதனால் பாம்பே குரூப் என்று பெயர். 1995இல் ஊர் மும்பை ஆகிவிட்டது, ரத்தம் இன்னும் பாம்பேயாகவே ஓடுகிறது. நம் நாட்டில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பார்கள். ஐரோப்பாவில் மிக மிக அரிது.

மாமனாரின் அப்பா அக்கா மகளைக் கட்டியவரா என்று பேச்சுவாக்கில் விசாரியுங்கள். நம்மவர்களிடம் அது சகஜம்தானே. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நார் இல்லாமல் போகும். தாய்மாமனும் அக்கா மகளும் சராசரியாகக் கால் பங்கு மரபணுக்களைப் பொதுவாக வைத்திருப்பவர்கள். அங்கே ஒரே பழுது இரு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடுதல். சொந்தத்தில் கட்டாதவர்கள் வீட்டிலும் வரலாம்.

தூக்கம் போக வேண்டிய விஷயம் வேறு. பாம்பே குரூப்காரருக்கு ஓ ரத்தம் ஏற்றக்கூடாது. நாரையே பார்த்திராத உடம்பு, ஓ ரத்தத்தில் வரும் நாரை எதிரியாக நினைத்துத் தாக்கும், உயிருக்கே ஆபத்து. அவருக்கு இன்னொரு பாம்பே குரூப் ரத்தம்தான் சேரும். மாமனாருக்கு வயதாகிறது, நாளை ஆபரேஷன் என்று வரலாம். அதனால் இருவரையும் நல்ல ரத்த வங்கிக்கு அழைத்துப் போய், எச் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருவரில் யாருக்கு அப்படி வந்தாலும், அவருடைய உடன்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்காவது வாய்ப்பு உண்டு.

வீட்டில் கேட்டால் பேத்தியின் பிராஜெக்ட்டுக்கு என்று சொல்லுங்கள், பொய்யில்லை. ரிசல்ட் வரும்வரை சார்ட்டில் தாத்தா, பாட்டி கட்டங்களை மட்டும் அவள் பென்சிலில் எழுதி வைக்கட்டும்.