புரோகிராமிங் தெரியாதவர்கள் தங்களுக்கான மென்பொருளைத் தாங்களே செய்துகொள்ள முடியுமா? பைத்தான் போன்ற புரோகிராமிங் மொழியைக் கற்றுத்தான் ஆகவேண்டுமா, ஏஐயிடம் கேட்டாலே போதுமா?

முடியும். நீங்களே ஏற்கனவே செய்துகொண்டும் இருக்கலாம். எக்செலில் ஒரு ஷீட் போட்டு, ஒரு நெடுவரிசையில் கடைசித் தேதி, பக்கத்தில் வேலையின் நிலவரம், தேதி தாண்டினால் அந்த வரி சிவப்பாகும்படி வைத்திருக்கிறீர்களா? அதுவும் மென்பொருள்தான். உள்ளே தரவு போகிறது, நீங்கள் வகுத்த விதி ஓடுகிறது, விடை வருகிறது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடினால்தான் புரோகிராம் என்பது சினிமாக்காரர்கள் கிளப்பிவிட்டது.

நான் புரோகிராமர் இல்லை. மெய்ப்புத் திருத்துவதும் மொழிபெயர்ப்பதும் என் பிழைப்பு. வேலைக்கு வேண்டிய சின்னச் சின்னக் கருவிகளைப் பல வருடங்களாக நானே செய்து வைத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. ஈமேக்ஸ் என்றொரு டெக்ஸ்ட் எடிட்டர் உண்டு. பயன்படுத்துபவரே நிரல் எழுதி அதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். மல்டிக்ஸ் என்ற அந்தக்காலக் கணினி அமைப்பில் ஓடிய ஈமேக்ஸை அலுவலகச் செயலாளர்களும் பயன்படுத்தினார்கள். அதை எப்படி விரிவாக்கிக்கொள்வது என்று விளக்கும் கையேடு அவர்கள் கையில் இருந்தது. ஆனால் இதற்குப் பெயர் புரோகிராமிங் என்று அது சொல்லவே இல்லை. தங்களுக்குப் புரோகிராமிங் வராது என்று நம்பியிருந்தவர்கள், கையேட்டைப் பார்த்து லிஸ்ப் மொழியில் நிரல் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஈமேக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஸ்டால்மன் ஒரு உரையில் இதைச் சொல்லியிருக்கிறார். பயமுறுத்தும் பெயரை எடுத்துவிட்டால் வேலை நடக்கிறது.

இதையே பெரிய அளவில் செய்துகாட்டியது விரிதாள் (ஸ்பிரெட்ஷீட்). டான் பிரிக்ளின் ஹார்வர்டில் எம்பிஏ படித்தபோது, பேராசிரியர் கரும்பலகையில் ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து எழுத வேண்டியிருந்ததைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்த யோசனையை அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து 1979-இல் ஆப்பிள் 2 கணினிக்கான விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருளாகக் கொண்டுவந்தார்கள். இன்றைய எக்செல், கூகுள் ஷீட்ஸ் எல்லாம் அந்த வம்சம். ஒரு எண்ணை மாற்றிய நொடியில் விடை மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் 'லூப்' நிரல் எழுத வேண்டாம். ஒரு செல்லில் ஃபார்முலா போட்டுக் கீழே இழுத்தால் லூப் முடிந்தது. 2005-இல் வந்த ஒரு ஆய்வுக் கட்டுரை, 2012 வாக்கில் அமெரிக்கப் பணியிடங்களில் விரிதாளோ தரவுத்தளமோ பயன்படுத்துபவர்கள் ஐந்தரைக் கோடி பேர் இருப்பார்கள், தொழில்முறைப் புரோகிராமர்கள் 30 லட்சத்துக்கும் குறைவாக இருப்பார்கள் என்று கணித்தது. அந்த ஐந்தரைக் கோடியில் எல்லோரும் ஃபார்முலா எழுதுபவர்கள் இல்லைதான். பாதிப் பேர் வெறும் பட்டியல் போட்டார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் மீதிக் கூட்டம் சின்னதல்ல.

எனக்கு இன்னும் பிடித்தது ஹைப்பர்கார்டு, திரையில் அட்டைகளும் பொத்தான்களும் வைத்து நாமே சின்ன மென்பொருள்கள் செய்துகொள்ளும் கருவி. 1987-இல் ஆப்பிள் மேக் கணினிகளுடன் இலவசமாகக் கொடுத்தது. பில் அட்கின்சன் உருவாக்கியது. அதில் பயனருக்கு ஐந்து நிலைகள்: பார்ப்பது, தட்டச்சு செய்வது, வரைவது, அமைப்பது, கடைசியாக ஸ்கிரிப்ட் (சிறு நிரல்) எழுதுவது. அடுத்தவர் செய்ததைப் பயன்படுத்திக்கொண்டே இருப்பீர்கள். ஒரு பொத்தான் பிடிக்கவில்லை என்றால் நிலையை ஏற்றிக்கொண்டு அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து மாற்றலாம். பயன்படுத்துவதற்கும் மாற்றுவதற்கும் நடுவே சுவர் கிடையாது, படிக்கட்டுதான். 1993-இல் வந்த மிஸ்ட் விளையாட்டைக்கூட இதில்தான் செய்தார்கள். 2004-இல் ஆப்பிள் விற்பனையை நிறுத்திவிட்டது. இன்றைக்குப் போனில் இருக்கும் ஆப்களைப் பாருங்கள், எல்லாம் சுவர்தான்.

சரி, இன்றைக்கு என்ன செய்யலாம்? நான் செய்ததையே சொல்கிறேன். மெய்ப்புத் திருத்தும்போது ஒவ்வொரு கோப்பிலும் ஒரே குப்பை வரும்: இரட்டை இடைவெளி, முற்றுப்புள்ளிக்கு முன்னால் இடைவெளி, ஒரே பக்கத்தில் இரண்டு வகை மேற்கோள்குறி. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் தேடி மாற்றும் பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்று ஒரு வசதி இருக்கிறது. 'எந்த எழுத்து' என்று இல்லாமல் 'எந்த மாதிரி அமைப்பு' என்று தேடலாம். முதலில் அதைக் கற்றேன். அப்புறம் இந்தத் தேடல்களை வரிசையாகச் செய்து மேக்ரோவாக, அதாவது ஒரே கட்டளையில் மறுபடி ஓடும்படி, பதிவு செய்தேன். (மேக்ரோப் பதிவு அமைப்புகளில் 'மேம்பட்டவை' பகுதிக்குள் அணைத்து வைக்கப்பட்டிருக்கும், தேடிப் போய் இயக்க வேண்டும். இதைத்தான் சுவர் என்றேன்.) இப்போது ஒரு விசை அழுத்தினால் குப்பை போய்விடுகிறது. நான் ஒரு வரிகூட நிரல் எழுதவில்லை.

அடுத்தது சொற்பட்டியல். வாடிக்கையாளர் ஒரு பட்டியல் தருவார்: இந்தச் சொல் வேண்டாம், இதைப் போடுங்கள் என்று. ஏஐயிடம் சொல்லி ஒரே எச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவ) கோப்பாக ஒரு பக்கம் செய்துகொண்டேன். உரையை ஒட்டினால் வேண்டாத சொற்கள் மஞ்சளாகத் தெரியும். இணையம் தேவையில்லை, கோப்பை இரட்டை க்ளிக் செய்தால் பிரவுசரில் திறக்கும். ஏஐ முதலில் கொடுத்தது சொல்லை அப்படியே தேடியது. தமிழுக்கு அது ஆகாது. பட்டியலில் 'படிவம்' இருக்கும். உரையில் 'படிவத்தில்', 'படிவங்களை' என்று வரும். அதனால் முழுச் சொல்லுக்குப் பதில் 'படிவ' என்ற முன்பகுதியைப் பட்டியலில் வைத்து, அதில் தொடங்கும் சொற்களையெல்லாம் காட்டச் சொன்னேன். நிரலை எழுதியது இயந்திரம். என்ன எழுத வேண்டும் என்பது மெய்ப்புத் திருத்துபவருக்குத்தான் தெரியும். உங்கள் வேலையிலும் இப்படி உங்களுக்கு மட்டுமே தெரிந்த 'படிவ' ஒன்று இருக்கும். அதைச் சொல்லாமல் விட்டால் எந்த ஏஐயும் கண்டுபிடிக்காது.

இப்படிச் சாதாரண மொழியில் சொல்லி நிரல் வாங்குவதற்கு 2025 பிப்ரவரியில் ஏஐ ஆராய்ச்சியாளர் ஆந்த்ரே கார்பதி 'வைப் கோடிங்' என்று பெயர் வைத்தார், அது பரவிவிட்டது. நான் கேட்கும் முறை இதுதான்: உள்ளே போகும் தரவுக்கு ஒரு நிஜமான மாதிரி, வெளியே வரவேண்டியதற்கு கையால் எழுதிய மாதிரி, அப்புறம் வழக்கத்துக்கு மாறான இரண்டு மூன்று நிலைமைகள் (வரி காலியாக இருந்தால் என்ன, தேதிக்குப் பதில் 'தெரியாது' என்று எழுதியிருந்தால் என்ன). இதைக் கொடுத்துவிட்டால் விடையும் தேறும், வந்ததைச் சரிபார்க்கவும் முடியும்.

அடுத்தவர் செய்த மென்பொருளை மாற்றிக்கொள்வதையும் விட்டுவிடாதீர்கள். பிரவுசரில் விளம்பரத் தடுப்பானில் உள்ள, பக்கத்தின் ஒரு பகுதியைச் சுட்டித் தேர்ந்தெடுக்கும் கருவியால் ஒரு தளத்தின் கவனம் சிதறடிக்கும் பகுதியை மட்டும் மறைக்கலாம். ஐபோனில் ஷார்ட்கட்ஸ், ஆண்ட்ராய்டில் டாஸ்கர், விண்டோஸில் ஆட்டோஹாட்கீ, எல்லாம் இந்த வகை: திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாக நடக்கவைக்கும். தரவு சேகரிக்க கூகுள் ஃபார்ம், அது போய் விழ ஒரு ஷீட், கொஞ்சம் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் (ஷீட்டுக்குள் சிறு நிரல் எழுதும் கூகுள் வசதி) என்று ஒரு சங்கிலி போட்டால் சிறு குழுவின் பாதித் தேவை தீர்ந்துவிடும்.

எதிலிருந்து தொடங்குவது என்பதற்கு டேனா லூயிஸை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அவருக்கு முதல் வகை நீரிழிவு. இரத்தச் சர்க்கரை குறையும்போது எச்சரிக்கும் கருவி இருந்தும், ஆழ்ந்து தூங்கும் அவரை எழுப்பும் அளவுக்கு அதன் ஒலி இல்லை. அவர் படித்ததும் வேலை பார்த்ததும் தகவல் தொடர்புத் துறையில், புரோகிராமிங்கில் அல்ல. நீரிழிவு உள்ள ஒரு குழந்தையின் தந்தை, கருவியிலிருந்து தரவை வெளியே எடுக்க நிரல் எழுதியிருந்தார். அதை வாங்கிக்கொண்டு, கணினித் துறையில் இருந்த துணைவருடன் சேர்ந்து 2013-இல் சத்தமான அலாரம் ஒன்றைச் செய்தார். அது வளர்ந்து 2015-இல் ஓபன்ஏபிஎஸ் ஆனது: இன்சுலின் பம்ப்பைத் தானாகச் சரிசெய்யும், யாரும் பார்க்கக்கூடிய திறந்த வடிவமைப்பு. செயற்கைக் கணையம் செய்யவேண்டும் என்று அவர் கிளம்பவில்லை, சத்தம் போதவில்லை என்றுதான் கிளம்பினார். தரவு வெளியே வந்திருக்காவிட்டால் அந்த அலாரமும் இல்லை. எந்தச் சேவையில் சேர்ந்தாலும் தரவை சிஎஸ்வி கோப்பாக (எந்த விரிதாளிலும் திறக்கும் எளிய எழுத்துக் கோப்பு) எடுக்க வழி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இணையத் தரவுகளை இணைத்து வடிகட்டும் யாஹூ பைப்ஸ் 2007-இல் வந்து 2015-இல் மூடப்பட்டது. அதிகம் நிரல் எழுதாமல் ஆப் செய்ய உதவிய கூகுளின் ஆப் மேக்கரை 2021 ஜனவரியில் நிறுத்தினார்கள். அவற்றின் மேல் கட்டியவர்கள் எல்லோரும் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

இனி ஆபத்து. என்னைக் கேட்டால் சிக்கலின் எல்லை இங்கேதான் இருக்கிறது: நீங்கள் செய்ததை நீங்கள் மட்டும் பயன்படுத்தும்வரை அது எவ்வளவு அசிங்கமாக, அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கே உடையும் என்று உங்களுக்குத் தெரியும், உடைந்தால் நஷ்டமும் உங்களுக்குத்தான். இரண்டாவது ஆள் அதை நம்ப ஆரம்பித்த நாளிலிருந்து கணக்கு வேறு.

2020-இல் இங்கிலாந்தில் நடந்தது தெரிந்திருக்கும். செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, 15,841 கோவிட் தொற்றுகள் தினசரி எண்ணிக்கையில் சேராமல் விடுபட்டன. தரவை எக்செலின் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஏற்றினார்கள்; அதில் ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிகள்தான். மீதி வரிகள் உள்ளே போகவில்லை. தொற்று இருந்தவர்களுக்குத் தகவல் போயிருந்தது, ஆனால் அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவது தாமதமானது. மரபணு ஆய்விலும் இதே மாதிரி. செப்ட்2, மார்ச்1 என்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும். கடைசியில் 2020-இல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றியது. மென்பொருள் ஒத்துவரவில்லை என்று மரபணு தன் பெயரை விட்டுக்கொடுத்த கதை! இரண்டிலும் பிழைச் செய்தி எதுவும் கண்ணில் படவில்லை என்பதுதான் பயங்கரம். நாமே செய்யும் கருவிகள் பெரும்பாலும் இப்படித்தான் தவறும்: நிற்காது, தப்பான விடையோடு ஓடிக்கொண்டே இருக்கும்.

அதனால் அடுத்தவர் கைக்குப் போகும் எதிலும் நான் சிலவற்றை விடுவதில்லை. மூலத் தரவு தனி ஷீட்டில், அதில் யாரும் கைவைக்கக் கூடாது. உள்ளே எத்தனை வரி போனது, வெளியே எத்தனை வந்தது என்று ஒரு செல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விடை தெரிந்த ஒரு சின்னக் கணக்கை ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இது எதற்காக, எதைத் தொடக்கூடாது என்று முதல் ஷீட்டிலேயே நாலு வரி எழுதி வைப்பேன். பணப் பரிமாற்றம், கடவுச்சொல், மற்றவர்களின் மருத்துவ விவரம் இவற்றைத் தொடும் எதையும் தெரிந்தவர் ஒருவர் பார்க்காமல் வெளியே விடமாட்டேன். ஏஐ 'தயார்' என்று சொன்னாலும்தான்.

தெரிந்தவருக்கு எங்கே போவது? விரிதாள் பயன்படுத்துபவர்களைப் பற்றி ஆய்ந்த மானுடவியலாளர் போனி நார்டி, யாரும் தனியாக இதைச் செய்வதில்லை என்று கவனித்தார்: எல்லா இடத்திலும் கொஞ்சம் கூடத் தெரிந்த ஒருவர் இருப்பார், கடினமான ஃபார்முலாவை அவர் போட்டுக் கொடுப்பார். உங்கள் இடத்திலும் ஒருவர் இருப்பார். பெரும்பாலும் அது அவருடைய வேலையாக இருக்காது, அதனால் கேட்பதற்கு முன் நீங்களே முயன்ற கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

பைத்தான்? இப்போதே வேண்டாம். ஷீட் திறக்கவே அரை நிமிடம் எடுக்க ஆரம்பித்தால், அல்லது ஒரே வேலையை நூறு கோப்புகளுக்குச் செய்யவேண்டி வந்தால், அப்போது தொடங்குங்கள். அதற்குள் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது தெளிவாகியிருக்கும், ஏஐ எழுதித் தரும் பைத்தான் நிரலைப் படித்து எந்த வரி என்ன செய்கிறது என்று கேட்கும் அளவுக்காவது கற்றால் போதும். அதுவரை எக்செலில் ஐஎஃப் (நிபந்தனை வைக்க), எக்ஸ்லுக்அப் (பட்டியலில் தேடி எடுக்க), ஃபில்டர் (வேண்டிய வரிகளை மட்டும் காட்ட) என்ற மூன்று ஃபார்முலாக்களையும் நன்றாகப் பழகுங்கள். பழைய எக்செல் வைத்திருந்தால் எக்ஸ்லுக்அப்பும் ஃபில்டரும் இருக்காது. கூகுள் ஷீட்ஸில் மூன்றும் உண்டு.