வாசகர் கேள்வி: எலியின் கல்லீரலில் வைரஸ் விட்டுச்செல்லும் தடங்கள்

கேள்வி: வேலூரில் நோயியல் படிக்கும் என் மகள், வைரஸ் தொற்றிய ஆய்வக எலியின் கல்லீரல் வெறுங்கண்ணுக்குச் சீராகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் சேதம் புலப்படும் என்கிறாள். அது எப்படி ஐயா?
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: கல்லீரல் செல் ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 20 முதல் 30 மைக்ரோமீட்டர்தான் என்பதால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் மடிந்தால் உறுப்பின் நிறமோ வடிவமோ மாறுவதில்லை. திசுவை மிக மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றும்போது உட்கரு நீலமாகவும் அதைச் சூழ்ந்த சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகவும் தெரியும்; பாதிக்கப்பட்ட செல்களில் சில நீர்கோத்து உப்பியிருக்கும், சில சுருங்கி அடர்சிவப்பு உருண்டைகளாகிவிடும். இவ்வுருண்டைகளை மஞ்சள் காய்ச்சலால் இறந்தோரின் கல்லீரலில் 1890-இல் விவரித்தவர் அமெரிக்க நோயியலாளர் கவுன்சில்மன்; பின்னாளில் அந்நோய் தொற்றிய ரீசஸ் குரங்குகளிலும் அவை காணப்பட்டன. எலிகளைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் கொரோனா வைரஸோ, அண்டைச் செல்களை ஒன்றிணைத்துப் பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்லாக்கிவிடும்.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது, செல்லைக் கொல்வது எப்போதும் வைரஸ் அன்று என்பதே. ஹெபடைட்டிஸ் பி வைரஸ் எலிகளை இயல்பாகத் தொற்றுவதில்லை. ஆயினும் அதன் மரபணுக்களைப் புகுத்தி வளர்த்த எலிகளின் செல்கள் வைரஸ் புரதங்களை உண்டாக்கியபடியே நலமாக இருந்தன, அவ்வைரஸை அடையாளம் காணும் டி செல்கள் என்னும் வெள்ளணுக்களைச் செலுத்திய பின்னரே கல்லீரல் அழற்சி தொடங்கியது. ஆகவே உங்கள் மகள் கண்ணாடிச் சில்லைப் பார்க்கையில், மடிந்த செல்லுடன் அதைச் சூழ்ந்து நிற்கும் வெள்ளணுக்களையும் கவனிக்கட்டும்.